ஒரு கரண்டி கூடுதல்

தையல் கம்பெனியின் பெண்கள் விடுதியில் நூற்றிருபது பேருக்குச் சமைப்பவளுக்குக் கரண்டியக்கா என்று பெயர். கையில் கரண்டி இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் கிடையாது. வாய் பேசுவதற்கு முன்பே கரண்டி ஆடத் தொடங்கிவிடும். அவளுடைய தங்கை அதே கம்பெனியில் காலர் தைக்கிறவள், ஒன்பது வயது இளையவள். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் தங்கை என்பது பேச்சுக்குத்தான், வளர்த்தது மகளாக. அவளோடு ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்றுதான் கரண்டியக்கா இந்த அடுப்படிக்கே வந்து சேர்ந்தாள்.

ஆர்டர் குறைந்துவிட்டது என்று சொல்லிக் கம்பெனி விடுதிக்கு வரும் அரிசியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தது. ஆர்டர் குறைந்தால் வேலையும் குறைய வேண்டும் அல்லவா? அது மட்டும் குறையவில்லை. சாயந்திரம் சங்கு ஊதியதும் பெண்கள் சமையலறை ஜன்னலில் வரிசை கட்டுவார்கள். சாப்பிட்டு முடித்துவிட்டு மறுபடியும் தட்டை நீட்டுவார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கரண்டியக்கா பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டுவாள். அந்த மாதத்தில் இரண்டு பெண்கள் மெஷின்மேலேயே மயங்கி விழுந்தார்கள்.

தங்கை மட்டும் இரண்டாம் முறை வரமாட்டாள். கேட்டால், "எனக்குப் பசிக்கலக்கா" என்பாள். சொல்லும்போது வலது காதுமடலை இழுத்துவிட்டுக்கொள்வாள். சிறு வயதில் வெல்லம் திருடித் தின்றுவிட்டு இல்லை என்று சொன்ன காலத்திலிருந்தே பொய் சொன்னால் கை காதுக்குப் போய்விடும். அந்தக் காதைப் பார்க்கிறபோதெல்லாம் கரண்டியக்காவுக்கு வயிறு எரிந்தது.

ஆளி விதையைச் சொன்னவர் மளிகைக் கடைக்காரர். கைப்பிடி விதை போதும், வயிறு திம்மென்று இருக்கும், உடம்புக்கும் நல்லது என்றார். அவள் ஒரு பை வாங்கிவந்து, ஊறவைத்துக் காலைக் கஞ்சியில் கலந்தாள். ஊறிய விதை வழவழவென்று இழுத்தது. பொத்தானுக்குக் காஜா எடுக்கும் பெண் ஒருத்தி, விடுதிக்கே வாயாடி, கஞ்சியை விரலில் தொட்டு நீட்டிக் காட்டி, "அக்கா, இந்தக் கஞ்சிக்கு எப்ப ஜலதோஷம் பிடிச்சுது?" என்றாள். ஜன்னல் முழுவதும் சிரிப்பு. பாதிப் பேர் கஞ்சியைத் தொடவில்லை.

சமைக்கிறவளுக்கு அதைவிட அவமானம் உண்டா? மறுநாளே முறையை மாற்றினாள். விதையை வறுத்து, உப்பும் மிளகாயும் சேர்த்துப் பொடித்து, தட்டுக்கு ஒரு கரண்டி உலர்ந்தபடியே தூவினாள். இப்போது அதே காஜாக்காரி பொடிக்காகச் சண்டை போட்டாள். எல்லோருக்கும் ஒரு கரண்டி என்றால் தங்கைக்கு இரண்டு. மற்றவர்கள் பார்க்கக் கூடாதென்று இரண்டாவது கரண்டியைச் சோற்றுக்கு அடியில் வைத்துத் தருவாள்.

ஒரு வாரத்தில் ஜன்னல் அடங்கியது. மயங்கி விழுவது நின்றது. எட்டிக்கூடப் பார்க்காத வார்டன் வந்து, பரவாயில்லையே என்றாள். கம்பெனியையே ஜெயித்துவிட்டதாகக் கரண்டியக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம். காலையில் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு அண்டாக்களில் குடிதண்ணீர் நிரப்பி வைப்பாள். பெண்கள் வேலைக்குப் போன பிறகு பார்த்தால் இரண்டும் தளும்பத் தளும்ப நிற்கும். அந்தத் தண்ணீரிலேயே பாத்திரம் கழுவிவிடுவாள். குழாயடிக்கு நடக்கும் வேலை மிச்சம் என்று நினைத்தாளே தவிர, ஏன் மிஞ்சுகிறது என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

மூன்றாவது வாரம் தங்கை பாதித் தட்டைத் திருப்பித் தந்தாள்.

"வயிறு நெறஞ்சிருக்குக்கா."

கரண்டியக்கா முதலில் காதைத்தான் பார்த்தாள். கை அங்கே போகவில்லை. பொய் இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகு இந்தப் பிள்ளை வயிறு நிறைந்தது என்று உண்மையாகச் சொல்கிறாள்! மகாராணிக்கு ஏப்பம் வந்துவிட்டதா என்று கேலி செய்தாள். மறுநாள் தட்டு முழுவதுமாகத் திரும்பியது. அதற்கும் மறுநாள் தங்கையின் முகம் வெளுத்து, வயிறு உப்பியிருந்தது. வாயுவாக இருக்கும் என்று சுடுதண்ணீர் கொடுத்தாள். தங்கை இரண்டு மடக்குக் குடித்துவிட்டு வைத்துவிட்டாள். சாப்பிடாமல் தெம்பு எங்கிருந்து வரும் என்று ஒரு கைச் சோற்றில் இரண்டு கரண்டிப் பொடியைப் பிசைந்து அக்காவே ஊட்டினாள். தங்கை மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

நான்காம் நாள் காலை சங்கு ஊதுவதற்கு முன்பே தங்கை பச்சையாக வாந்தி எடுத்தாள். நிமிர முடியவில்லை. வார்டன் கம்பெனி மாத்திரை ஒன்றை எடுத்துவந்தாள். கரண்டியக்கா அதைக் கையால் தட்டிவிட்டு, காஜாக்காரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். வயிற்றை அழுத்திப் பார்த்தாள், படம் எடுக்கச் சொன்னாள், பிறகு என்ன சாப்பிட்டாள் என்று விசாரித்தாள். கரண்டியக்கா அரிசி குறைந்ததிலிருந்து ஆரம்பித்து, வறுத்தது, பொடித்தது, ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டது என்று எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் ஒன்றுதான் கேட்டாள்.

"தண்ணி எவ்வளவு குடிப்பாங்க?"

"ரெண்டு அண்டா நெறைய வைக்கிறேம்மா. குடிக்காம இருப்பாளா?"

காஜாக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க லைன்ல நாப்பது பேருக்கும் ஒரே டோக்கன்தான் டாக்டர். அது கழுத்துல இருந்தாத்தான் பாத்ரூம் போக விடுவாங்க. ஒருத்தி போயிட்டு வந்தாத்தான் அடுத்தவ. அதனால காலைலருந்து சங்கு ஊதுற வரைக்கும் நாங்க யாரும் தண்ணி குடிக்கிறதில்ல. சாயந்திரமும் ஒரு வாய்தான். பழகிப்போச்சு."

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"அவதான் வேணாம்னா. அக்காவுக்குத் தெரிஞ்சா தாங்காதுன்னா."

விதை நல்லதுதான், தண்ணீர் இல்லாமல் உலர்ந்தபடி உள்ளே போனதுதான் தப்பு என்று டாக்டர் சொன்னாள். குடலில் இருந்த கொஞ்ச ஈரத்தையும் இழுத்துக் களிமண்ணைப் போல இறுகி அடைத்துவிட்டதாம். உடனே வயிற்றைத் திறக்க வேண்டும். அவள் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று கரண்டியக்காவுக்கு இருந்தது. வயிறு நிறைந்தது என்று பிள்ளை சொன்னபோது தான் சிரித்த சிரிப்பு அவள் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோகும்போது தங்கை அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கிய முகம்.

"பசிக்குதுக்கா," என்றாள். "வெளிய வந்ததும் சோறு போடு."

ஊசி குத்தியிருந்த கையைச் சிரமப்பட்டுத் தூக்கி, வலது காதுமடலை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

குடல் ஏற்கெனவே ஓட்டையாகியிருந்தது. மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்விட்டாள்.

விடுதிக்குத் திரும்பியவளிடம் வார்டன், அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுதானே என்று ஆறுதல் சொன்னாள். நூற்றிருபது பேருக்கு அளவுக்குக் குறைந்த சோற்றைப் போட்டவர்களுக்கு எந்தப் பழமொழி என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கரண்டியக்காவுக்குப் போக்கிடம் வேறு இல்லை. எட்டாம் நாள் அடுப்பைப் பற்றவைத்தாள். மிச்சமிருந்த பொடியைக் குப்பையில் கொட்டினாள். காலையில் ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தாள்.

பெண்கள் தம்ளரைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். பிறகு தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். தங்கையின் மெஷினில் புதிதாக உட்கார்ந்தவள் மட்டும் தயங்கி நின்றாள்.

"தண்ணி வேணாங்கா. பொடி இருந்தா ஒரு கரண்டி போடுங்க."

காஜாக்காரி கடைசியாக வந்தாள். ஜன்னலருகே நின்றபடியே ஒரு தம்ளரை எடுத்து மூச்சுவிடாமல் குடித்தாள். இன்னொன்றையும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்று முழுவதும் கரண்டியக்கா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயந்திரம் எல்லோருக்கும் பின்னால் காஜாக்காரி தனியாக நடந்துவந்தாள். பாவாடையின் பின்புறம் நனைந்து, பாதி காய்ந்திருந்தது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. வரிசை தானாக விலகி அவளை முன்னால் விட்டது. அவள் தட்டை நீட்டுவதற்கு முன் தம்ளரை எடுத்துக் குடித்தாள்.

கரண்டியக்கா அவளுக்குச் சோறு போட்டாள். பிறகு ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள். அது அவள் தனக்கென்று வைத்திருந்த சோறு.