லா வி எம்புஹார்

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. தவறு நீரஜாவுடையது, அதைக் கதையாக்கிப் பிழைக்கப் பார்ப்பது நான். "தீபாவளிக் கூட்டத்தில் தி.நகர் நிரம்பி வழிந்த அந்த 1994…" வேண்டாம். ஒருத்தி செத்திருக்கிறாள், அலங்காரம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

ஜவுளிக்கடை மாடிப்படியில் உருண்டு மேற்பார்வையாளர் தேவானை இறந்தாள். பின்னால் நின்ற விற்பனைப் பெண் அன்புச்செல்வி கைதானாள். பார்த்தவள் புடவை வாங்க வந்த ஸ்பெயின்காரி; போலீஸிடம் தன் மொழியில் நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். மயிலாப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஸ்பானியக் கடிதங்கள் எழுதும் நீரஜாவிடம் போலீஸ் அதைத் தமிழாக்கக் கொடுத்தது.

2

அன்புச்செல்வியைப் பற்றிய வரி: லா வி எம்புஹார். லா, 'அவளை'. வி, 'பார்த்தேன்'. எம்புஹார், 'தள்ள'. பார்த்தேன், கேட்டேன் என்பவற்றோடு வரும் 'லா'தான் காரியத்தைச் செய்பவள் என்றது நீரஜாவின் பாடப்புத்தகம். "அவள் தள்ளுவதைப் பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு மாதம் கழித்து வேறொரு இலக்கண நூலில் படித்தாள்: அதே வாக்கியம் "அவளைத் தள்ளுவதைப் பார்த்தேன்" என்றும் பொருள்படும். யாரோ தள்ளி, அன்புச்செல்வி தேவானைமேல் போய் மோதியிருக்கலாம். நீரஜா நூலோடு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

(பாழாய்ப்போன தமிழில் 'அவளை'யில் இருக்கும் அந்த 'ஐ'யை வைத்தாக வேண்டும், இல்லை விட்டாக வேண்டும். நம் மொழிக்கு மழுப்பத் தெரியாது என்று இங்கே பெருமையடித்திருந்தேன். அடித்துவிட்டேன்.)

3

"ரெண்டுல எதுன்னு உறுதியாச் சொல்லுங்கம்மா, மாத்திக்கலாம்" என்றார் ஸ்டேஷன் ரைட்டர்.

உறுதியாகச் சொல்ல முடியாதே! 'ஐ' போட்டால் பொய்யாகலாம். போடாவிட்டால் ஒரு பெண் ஆயுள் முழுக்க…

சாட்சியைத் திரும்ப வரவழைத்து ஒரு முடிவு எழுதினேன். கிழித்துவிட்டேன். ஸ்பெயினுக்கு நீரஜா அவளுக்குப் போட்ட கடிதமே திரும்பி வந்துவிட்டது.

4

ராயப்பேட்டையிலிருந்து அன்புச்செல்வியின் அம்மா சொர்ணம் வந்தாள்.

"நீதான் எழுதினியாமே? எம்பொண்ணு தள்ளலைம்மா."

"ரெண்டு விதமாவும் படிக்கலாம்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன். என் தப்புதான்."

சொர்ணம் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஸ்பெயின்காரி எழுதியதன் நகலை வாங்கிப் பார்த்தாள்.

"இதுல எம்பொண்ணு எங்க கீறா?"

நீரஜா 'லா'வின்மேல் விரல் வைத்தாள்.

"இத்துனூண்டா?"

நாளைக்கு நீரஜா கூண்டில் ஏறி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். எனக்கு எழுதக் கை வரவில்லை. உங்களுக்கு வந்தால் எழுதுங்கள். முதலில் சொர்ணத்திடம் படித்துக் காட்டிவிடுங்கள், வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.