வில் இறங்கும் வரை

"பாதி வேணாம். கால்வாசி போதும்," என்றார் கட்டிலில் கிடந்தவர்.

வாத்தியக்காரி மாத்திரையைப் பொடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "பக்கத்து வீட்டுல பச்சைக் குழந்தை தூங்குதுங்க."

"அந்தக் குழந்தை... ஸ்கூலுக்கே போக ஆரம்பிச்சாச்சு. வேற காரணம் சொல்லு."

காலையிலிருந்து இது நாலாவது சுற்று. முப்பது வருஷம் ஜவுளிக்கடையில் நின்ற அவள் புருஷன், நுரையீரல் கைவிட்ட பிறகும் பேரத்தைக் கைவிடவில்லை. ஆறு மணிக்கு முழுப் பாட்டையும் கேட்டார். வயலினில் ஒரு கம்பி சரியில்லை என்றாள். எட்டு மணிக்கு முக்கால்வாசி கேட்டார். வில்லுக்குப் பூசுகிற ரோசின் தீர்ந்துவிட்டது என்றாள். பத்து மணிக்குப் பாதியாக இறங்கினார். எதிராளி இப்படி இறங்கி இறங்கி வந்தால் யாருக்கும் தெம்பாகத்தான் இருக்கும். இவளுக்கு அப்படி இல்லை. கடையில் அவர் இப்படிப் படிப்படியாக இறங்கி வந்த ஒவ்வொரு தடவையும், கடைசியில் எதிரே நின்றவர் பணத்தைக் கொடுத்துத் துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டுதான் போனார் என்பது அவளுக்குத் தெரியும்.

காலையில் வந்த நர்ஸ் வாசலில் வைத்து மெதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "இன்னிக்குத்தான்மா. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவுல இடைவெளி நீண்டுகிட்டே போகும். பயந்துடாதீங்க."

இடைவெளியை எண்ணுவது அவள் தொழில். இசைக்குழுவில் மற்றவர்கள் வாசிக்கும்போது சும்மா உட்கார்ந்து, அறுபது, எழுபது என்று மனசுக்குள் எண்ணி, சரியான இடத்தில் வில்லை வைக்க வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் எண்ணிக்கை பிசகியதில்லை. இன்றைக்கு அவர் மூச்சுகளுக்கு நடுவே நாலுக்கு மேல் எண்ண முடியவில்லை. எண்ணிக்கை தப்பி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

அவர் கேட்டது எந்தப் பாட்டு என்பதுதான் வினை. விரல் பறக்கிற வேகப் பாட்டு எதையாவது கேட்டிருந்தால் காலை ஆறு மணிக்கே வாசித்து முடித்திருப்பாள். வேகத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் கேட்டது, அவர் பாஷையில், 'அந்த மெல்லிசு'. இரண்டே பக்கம். கொசு பறக்கிற அளவுக்குச் சத்தம். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் வில் அடியிலிருந்து நுனி வரை ஆமை மாதிரி நகர வேண்டும். தெரியாதவர்களுக்கு அது சுலபம். வில் பிடித்தவர்களுக்குத்தான் தெரியும், சத்தமும் வேகமும் எத்தனை குற்றத்தை மூடி மறைக்கும் என்று.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கச்சேரியில், அந்தப் பாட்டின் நடுவில் அவள் வலது கை நடுங்கியது. வில் கம்பிமேல் துள்ளியது. அடுத்த கச்சேரியிலும் அதே இடம், அதே நடுக்கம். மூன்றாவது கச்சேரியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். மெல்லிய இடம் வந்ததும் வில்லை ஒரு மயிரிழை உயர்த்திக்கொள்வாள். பதினாலு வயலின்களுக்கு நடுவில் அவள் வில்லும் போகும், வரும், கம்பியில் படாது. முன்னால் நின்று குச்சி ஆட்டுகிறவருக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலிக்காரிக்குத் தெரியாது. வீட்டில் சொல்லவேயில்லை. நிறைந்த அரங்கத்தில் பதினோரு வருஷமாகக் காற்றை வாசிக்கிறவள், இந்த அறையில் தனியாக எதை வாசிப்பாள்?

"ஒரே ஒரு இழுப்பு," என்றார் அவர். "அதுக்குமேல... எனக்கும் கட்டுப்படியாகாது."

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அவருடைய அக்கா பொறுமை இழந்தாள். "ஒரு இழுப்புதானே கேக்குறான்? கல்லை உடைக்கவா சொல்றான்? வாசியேம்மா. ஊருக்கெல்லாம் வாசிக்கிற."

"இல்லக்கா, அது வந்து..."

"வந்தும் இல்ல, போயும் இல்ல. நான் போய் வெந்நீர் வெச்சுக் கொண்டாரேன். அதுக்குள்ள எடு."

வாத்தியக்காரி பெட்டியைத் திறந்தாள். தீர்ந்துபோனதாகச் சொன்ன ரோசின் முழுசாக அதிலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தார். வில்லின் திருகை முறுக்கி, வயலினைத் தோளில் வைத்ததுமே ஒரு துள்ளல் பாட்டை எடுத்துவிட்டாள். விரல்கள் ஓடின.

அவர் கையை அசைத்து நிறுத்தினார். "நான் கேட்டது பட்டு. நீ பளபளன்னு... வேற எதையோ விரிக்கிற."

"இதுவும் நல்லாத்தானே இருக்கு?"

"கடைக்காரன்கிட்டயே... கடை போடாதே."

சிரிப்பு வந்தது அவளுக்கு. வில்லைக் கம்பிக்கு அருகில் கொண்டுபோனாள். எட்டு அடி தூரத்தில், பாதி மூடிய கண்ணோடு கிடக்கிறார். காதும் முன்னைப்போல் இல்லை. படாமல் ஓட்டிவிடலாம். காதில் விழுந்ததா என்று கேட்டால், விழுந்தது என்றுதான் சொல்வார்.

"தொட்டு வாசி," என்றார் அவர்.

வில் நின்றது.

"என்னது?"

"கம்பியத் தொட்டு. எப்பவும் போல... வேணாம்."

அவள் காதுமடல் சுட்டது. "எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"பத்து வருஷம் இருக்கும்." மூச்சு வாங்கினார். மூன்று, நாலு, ஐந்து. "மீட்டர் கோல்மேல கை எங்க நிக்குது, துணி எங்க நழுவுதுன்னு... பாத்துப் பாத்து வளர்ந்தவன் நான். அந்த இடத்துல பதிமூணு வில்லும் கொஞ்சம் கொஞ்சம் நடுங்கும். உன்னுது மட்டும்... கோடு கிழிச்ச மாதிரி போகும். இவ்வளவு சுத்தமா இருக்கே, இதுல என்னமோ இருக்குன்னு..."

"ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா வேலையை விட்டிருப்ப."

சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அவள் வில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நடுங்கும்," என்றாள் கடைசியில். "கேக்க முடியாத அளவுக்கு நடுங்கும்."

"நடுங்கட்டுமே. வாங்கின சரக்குக்கு... நான் குத்தம் சொல்லிப் பாத்திருக்கியா?"

"அப்ப நானும் ஒண்ணு சொல்வேன். முந்திரிக்கொட்டை மாதிரி நடுவுல கைதட்டக் கூடாது."

அது இருபத்தாறு வருஷத்துப் பழைய வழக்கு. கச்சேரியில் பாட்டு முடிந்தாலும் வில்கள் மேலேயே நிற்கும். அந்த நிசப்தமும் பாட்டில் சேர்த்திதான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒன்பதாவது வரிசையிலிருந்து ஓர் ஆள் மட்டும் படபடவென்று தட்டுவார். அரங்கமே திரும்பிப் பார்க்கும். அவள் நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருக்கும். கேட்டால், 'பிடிச்சிருந்தா உடனே சொல்லிடணும். ஆறப்போட்டா மனசு மாறிடும்' என்பார்.

"சரி," என்றார் இப்போது. "உன் வில் இறங்கற வரைக்கும்... காத்திருக்கேன்."

அவள் வில்லைக் கம்பியில் வைத்தாள். படவைத்தாள்.

நடுங்கியது. முதல் ஸ்வரம் ஏழெட்டுத் துண்டாக உடைந்தது. பழக்கதோஷத்தில் வில் மயிரிழை எழும்பப் பார்த்தது. பல்லைக் கடித்து அழுத்தினாள். இன்னும் மோசமாகத் துள்ளியது. அழுத்தத்தை விட்டாள். இரண்டாவது ஸ்வரம். மூன்றாவது. நடுக்கம் நிற்கவில்லை. நடுக்கத்தோடு சேர்ந்தே பாட்டு நடந்தது, சளி பிடித்த ஆள் பேசுகிற மாதிரி, கரகரவென்று, ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லிக்கொண்டு. ஒரு இழுப்பு என்று பேசியிருந்ததை அவளே மறந்துபோனாள். இரண்டாவது பக்கத்துக்குள் போய்விட்டாள். வில் கம்பியைத் தொடும் இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் வில் எழும்பிவிடும். பாட்டின் இடைவெளிகளில் அவர் மூச்சு கேட்டது. அப்புறம் ஒரே ஒரு இடைவெளியில் மட்டும் கேட்டது. அப்புறம் கடைசி ஸ்வரம் வந்தது. எட்டு எண்ணிக்கைக்கு ஒரே இழுப்பு, அடியிலிருந்து நுனிவரை, சத்தம் கரைந்து இல்லாமல் போகிற வரைக்கும்.

எட்டு.

வில் கம்பியைவிட்டு எழுந்து காற்றில் நின்றது. ஒன்பது, பத்து, பதினொன்று என்று அவளுக்குள் எண்ணிக்கை ஓடியது. இந்தத் தடவை பிசகவில்லை.

அக்கா வெந்நீர்த் தம்ளரோடு வாசலில் வந்து நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். தம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, போர்வைக்கு வெளியே கிடந்த தம்பியின் பாதத்தைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்காமல் நிமிர்ந்து, எதையோ சொல்ல வாயைத் திறந்தாள்.

வாத்தியக்காரி வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

சொன்ன சொல் தவறாமல் அவர் காத்திருந்தார். வில் இன்னும் மேலேயே இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அதன் நுனி சின்னதாக நடுங்கிக்கொண்டிருந்தது.