மேனேஜருக்கு மூச்சு முட்டியது

"தண்ணிக்குள்ளயே இருக்கிற மீனுக்கு மூச்சு முட்டுமா அப்பா?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்குப் பல் விழுந்து முளைக்கும் வயது. சலவைக்கடைக்காரர் ஒரு சட்டைக் காலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரிலேயே குடியிருக்கும் ஜீவனுக்கு எதற்கு மூச்சு முட்டப்போகிறது என்று சிரித்துவிட்டு, அடுத்த சட்டையை எடுத்தார். பதில் சொல்லியாயிற்று என்றே நினைத்தார்.

அந்த மீன் ஒரு தங்க மீன். பெயர் மேனேஜர். நாள் முழுக்க வாயைத் திறந்து மூடிக்கொண்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடக்கிறானே தவிர ஒரு வேலையும் செய்வதில்லை என்று பெயர் வைத்தவர் அவர்தான். மகளுக்கோ அவன் தம்பி. பள்ளி விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது பஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அப்பா, தம்பிக்கு நீங்கதான் பொறுப்பு," என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரும் வாக்குக் கொடுத்தார்.

வாக்குக் கொடுத்தவர் சும்மா இருந்திருக்கலாம். அவர் தொழில் அவரைச் சும்மா இருக்கவிடாது. விருந்துக்குப் போன இடத்தில்கூட மேஜை விரிப்பில் இருக்கும் கறை எண்ணெயா, மசியா என்று ஆராய்கிறவர் அவர். மகள் திரும்பி வரும்போது தொட்டி பளபளக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஃபில்டரைத் திறந்தார். உள்ளே இருந்த பஞ்சு கறுத்து, வழவழவென்று, பார்க்கச் சகிக்கவில்லை. என் வீட்டிலேயே இப்படி ஓர் அழுக்கா என்று அவருக்கு மானம் போன மாதிரி ஆயிற்று. கடைக்குக் கொண்டுபோய் வெளுப்புத் தூளில் ஊறவைத்துக் கசக்கி, அலசி, வெயிலில் உலர்த்திப் பூப்போலக் கொண்டுவந்தார். தொட்டியின் கூழாங்கற்களையும் விடவில்லை. வெந்நீரில் போட்டு எடுத்தார். இஸ்திரி போடாததுதான் பாக்கி என்று மனைவி கிண்டல் செய்தாள்.

மகள் வருவதற்கு முந்தைய நாள் காலையில் மேனேஜர் மேலே மிதந்தபடி நீர்ப்பரப்பில் வாயை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தான். இரை போட்டார்கள், தொடவில்லை.

மனைவி பதறாமல் கூர்ந்து பார்த்தாள். டார்ச் அடித்துத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். உடம்பில் வெள்ளைப் புள்ளி இல்லை. வயிறு உப்பவில்லை. சாய்ந்து நீந்தவில்லை. செதில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. செவுள் மட்டும் ரத்தம் கட்டினாற்போலச் சிவந்து, படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, இவன் மூச்சுக்குத் தவிக்கிறான்," என்றாள்.

அவருக்கு மகளின் கேள்வி நெஞ்சில் வந்து இடித்தது. காற்று பம்ப்பை முழு வேகத்தில் திருப்பிவிட்டார். தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, இருவரும் கடையைத் திறக்காமலே வண்ண மீன் கடைக்கு ஓடினார்கள்.

மீன் கடைக்காரர் அந்தத் தண்ணீரைச் சின்னக் குழாயில் ஊற்றி மருந்து சொட்டினார். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். மஞ்சளாகவே நின்றால் பயமில்லை என்று சொல்லியிருந்தார். அது மஞ்சளில் நிற்காமல் பச்சையாகி, கரும்பச்சையாயிற்று.

"அமோனியா. தொட்டியில என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தலைங்க. சுத்தம்தான் பண்ணினேன்."

"எதை?"

எதை எதை என்று அவர் சொல்லச் சொல்ல, மீன் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தக் கறுப்பு வழவழப்பில்தான் கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் குடியிருக்கின்றன. மீனின் கழிவு விஷமாகாமல் பார்த்துக்கொள்வது அவைதான் என்று விளக்கினார்.

மனைவி சட்டென்று பிடித்துக்கொண்டாள். "உறைக்கு வச்ச தயிரைக் கொட்டிட்டு, கிண்ணத்தைத் தேய்ச்சு வச்சுட்டுப் பால் உறையலையேன்னு உட்கார்ந்திருக்கோம்."

அதேதான் என்றார் மீன் கடைக்காரர். பாதித் தண்ணீரை மாற்றுங்கள், குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்க இந்தச் சொட்டு மருந்தை விடுங்கள், இரையை நிறுத்துங்கள் என்று மளமளவெனச் சொன்னார். உறை வேண்டுமென்றால் ஆரோக்கியமான பழைய தொட்டி ஒன்றிலிருந்து பஞ்சு வாங்க வேண்டும். தன் கடைத் தொட்டிகளில் தினமும் புது மீன் வருகிறது, கூடவே நோயும் வரலாம், அதனால் தர மாட்டேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். வியாபாரத்தில் இப்படி ஓர் உண்மையைச் சொல்ல நல்ல மனசு வேண்டும்.

பழைய தொட்டி என்றதும் இருவருக்கும் ஒரே நேரத்தில் முடிதிருத்தும் கடையில் வருஷக்கணக்காக இருக்கும் மீன் தொட்டி ஞாபகம் வந்தது. அந்தக் கடைத் துண்டுகளை வெளுப்பது இவர்தான். மனைவி தண்ணீர் மாற்ற வீட்டுக்கு ஓட, இவர் அங்கே ஓடினார்.

முடிதிருத்துபவர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதிக் கன்னம் வழித்தாயிற்று, பாதிக் கன்னத்தில் நுரை. இவர் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டதும் கத்தியை வைத்துவிட்டுத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டார். கன்னத்தில் நுரை காய, வாடிக்கையாளர் தன் அவசரத்தை எடுத்துச் சொன்னார்.

"உங்க தாடி எங்கயும் ஓடாது சார். அங்க ஒரு உசுரு ஓடப் பார்க்குது," என்றவர், பஞ்சைக் கத்தரிக்கோலால் சரிபாதியாக வெட்டித் தொட்டித் தண்ணீரோடு டப்பாவில் போட்டு நீட்டினார். "வருஷக்கணக்கா சேர்த்த அழுக்குண்ணே. புத்தியைக் காட்டிக் கழுவிடாதீங்க."

இதற்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று கேட்டதற்கு, துண்டை மட்டும் வெள்ளையாக வெளுத்தால் போதும் என்று சிரித்து, மறுபடி கத்தியை எடுத்தார்.

டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் வந்த ஓட்டத்தைத் தெருவே திரும்பிப் பார்த்தது. அழுக்கை அவ்வளவு பத்திரமாக அவர் பிறந்ததிலிருந்து சுமந்ததில்லை. அந்தக் கறுப்புப் பஞ்சை ஃபில்டருக்குள் தன் வெள்ளைப் பஞ்சோடு சேர்த்து வைத்ததும், மனைவி தொட்டி முன்னால் கைகூப்பி நின்றாள். மீனுக்காகவா வேண்டுவது என்று அவர் கேட்கவில்லை. படைத்தவனுக்குப் பெரிய உயிர், சின்ன உயிர் என்று கணக்கில்லை.

மாலையில் மேனேஜர் பரப்பை விட்டு ஒரு சாண் கீழே இறங்கினான். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். விடிந்து பார்த்தால் கண்ணாடியருகே வந்து, வழக்கம்போல ஒரு வேலையும் செய்யாமல் மேற்பார்வை செய்துகொண்டிருந்தான்.

மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டியிடம் ஓடினாள். தம்பி நன்றாக இருந்தானா என்று கேட்டாள்.

"மூச்சு முட்டிடுச்சும்மா. நீ அன்னிக்குக் கேட்டியே, முட்டும். அப்பாவாலதான் முட்டிச்சு," என்றார்.

அவள் அவரையும் மீனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இனிமேல் அவன் சட்டையை நீங்கள் துவைக்க வேண்டாம் என்று உத்தரவு போட்டாள். பஞ்சு உறைகூடும்வரை, பல வாரம், தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றியவர் அவர்தான். வெள்ளைப் பஞ்சு மெல்லக் கறுப்பதைப் பார்த்து அவர் பூரித்ததைச் சலவைத் தொழிலில் வேறு யாரும் நம்பமாட்டார்கள்.

சில மாதம் கழித்து முடிதிருத்துபவர் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போனார். அந்த இடைவெளியில் கடைக்கு வண்ணம் அடித்தார்கள். அவர் திரும்பும் நாள் காலை, அவர் கொடுத்துவைத்திருந்த சாவியால் கடையைத் திறந்து துண்டுகளை வைக்கப் போன சலவைக்கடைக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். சுவர் பளிச். தொட்டி அதைவிடப் பளிச். வண்ணம் அடித்தவர்கள் நல்லெண்ணத்தோடு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். பஞ்சு பூப்போல இருந்தது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன.

உடனே தன் வீட்டுக்கு ஓடினார். மனைவியும் மகளும் இன்னும் எழுந்திருக்கவில்லை. தன் தொட்டியின் பஞ்சைச் சரிபாதியாக வெட்டி டப்பாவில் போட்டுக்கொண்டு திரும்பினார். பாதித் தண்ணீரை மாற்றி, சொட்டு மருந்து விட்டு, கறுப்புப் பஞ்சை வெள்ளைப் பஞ்சுக்குப் பின்னால் வெளியே தெரியாதபடி செருகினார். மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும்வரை வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார்.

பிறகு தரையைத் துடைத்து, துண்டுகளை அடுக்கி வைத்து, கடையைப் பூட்டினார். சட்டைக் கையில் ஒரு கறுப்புக் கறை படிந்திருந்தது. அதை இரண்டு மடிப்பு உள்ளே மடித்துவிட்டு நடந்தார்.