மதாம்மாவுக்குப் பொடியரிக் கஞ்சி

கன்னியாகுமரிக் கடலைப் பார்த்து நின்ற அந்தப் பெரிய ஓட்டலுக்கு 1934-இல் யேசுரத்தினம் மேனேஜராக வந்தார். வந்த மறுநாளே சமையற்கட்டுக்குப் பின்னால் ஒரு நீள மேசை போட்டார். அதுவரை பரிமாறுகிறவர்கள் மிச்சத்தை நின்றபடியே தின்பார்கள். துணி வெளுக்கும் நேசம்மாளுக்குச் சோறு கொல்லை வாசலுக்குப் போகும்.

“பசியோட நிக்கிறவன் முகத்தில சிரிப்பு வராது. எல்லாரும் ஒண்ணா இருந்து சாப்பிட்டுட்டு வேலைக்குப் போங்க” என்றார்.

தலைமைச் சமையல்காரர் ராஜமணிக்கு மனம் ஒப்பவில்லை. “துணி வெளுக்கிறவ கூடவா?” என்று தட்டோடு அடுப்படியிலேயே இருந்துகொண்டார். மேனேஜர் வற்புறுத்தவில்லை. ஆனால் மேசையில் நேசம்மாள் கொட்டாரம் ஊரில் இருக்கும் தன் மாமியாரைப் போலப் பேசிக் காட்டுவாள், சிரிப்பு அடங்காது. பாதிக் கதை மட்டும் காதில் விழுவது பொறுக்காமல், ஒன்பதாம் நாள் ராஜமணியும் வந்து உட்கார்ந்தார்.

அந்த மார்கழியில் ஒரு வெள்ளைக்கார மதாம்மா தனியாக வந்து தங்கினாள். மீன், கோழி எது போனாலும் இரண்டு நாளாகத் தொடாமல் திரும்பியது.

“என் கைப்பக்குவம் போச்சா மக்கா?” என்று மேசையில் ராஜமணி இடிந்துபோய்க் கேட்டார்.

“சமையல்ல குத்தமில்ல அண்ணாச்சி” என்றாள் நேசம்மாள். “அந்தம்மா தலையணை உறை வேர்வையில நனைஞ்சு கெடக்கு. காய்ச்சலாக்கும்.”

மேனேஜர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கதவைத் தட்டினார். காய்ச்சல்தான். சொன்னால் ஓட்டலை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து மறைத்திருக்கிறாள்.

“சுகமாகும் வரைக்கும் நீங்க எங்கேயும் போகவேண்டாம்” என்றார் அவர்.

நாகர்கோவிலிலிருந்து டாக்டர் வந்து மலேரியா என்று கொய்னா மருந்து கொடுத்தார். ராஜமணி நொய்யரிசியில் பொடியரிக் கஞ்சி காய்ச்சி, பப்படம் சுட்டு அனுப்பினார். மூன்றாம் நாள் கிண்ணம் காலியாக வந்தது. அதை அவர் எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார்.

ஐந்து நாள் தங்க வந்தவள் ஒரு மாதம் இருந்தாள். புறப்படும்போது சமையல்காரரைப் பார்க்கவேண்டும் என்றாள். ராஜமணி நேசம்மாளையும் இழுத்துக்கொண்டு போனார்.

“கண்டுபிடிச்சது இவளாக்கும்.”

சோப்பு நுரை காயாத அந்தக் கையை மதாம்மா இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். நேசம்மாள் தமிழிலேயே சொன்னாள்:

“அடுத்த வருசம் காய்ச்சல் இல்லாம வாங்க, தாயீ.”

மேனேஜர் அதை இங்கிலீஷில் சொன்னதும் மதாம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மறுவருடம் நான்கு சிநேகிதிகளோடு வந்தாள். அவள் சொல்லி அனுப்பிய வேறு சிலரும் முன்பே வந்து இறங்கியிருந்தார்கள். இடம் போதவில்லை. யேசுரத்தினம் தன் அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு ஆபீசில் பாய் விரித்தார்.