அந்த வரிக்கு ஒப்புதல் இல்லை

விடியுமுன்னே கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு, பஃபலோ நகரத்து அலுவலகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள் ரெனாட்டா. கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல எரிச்சல். மணிக்கட்டு நரம்பு சுண்டி இழுத்தது.

அவர்கள் எழுதி விற்கும் லைப்ரரி என்ற மென்பொருள் தொகுப்பின்மேல்தான் வீடு வீடாகப் போகும் நர்சுகளின் செல்போன் செயலி நிற்கிறது. அந்த லைப்ரரியோ, பிறர் எழுதிய நாற்பது லைப்ரரிகளின்மேல் நிற்கிறது. ஒவ்வொன்றிலும் எந்த வெர்ஷன் வேண்டும் என்று பட்டியலில் எண் போட்டுக் கட்டிவைப்பது அவள் வேலை. சோதிக்கிற ஆட்களைப் போன மாதம் வெளியே தள்ளிய முதலாளி ஹால்வர்சன், "எண்ணெல்லாம் எடுத்துடு. எது புதுசோ அதுவே வரட்டும்" என்றார்.

நேற்று எவனோ வெளியிட்ட புது வெர்ஷன் தானாக உள்ளே வந்தது. செயலி செத்தது; எந்த வீட்டுக்கு எந்த மருந்து என்று நர்சுகளுக்குத் தெரியவில்லை. இன்சுலின் போய்ச் சேராத ஒரு கிழவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

ஏழு மணிக்குப் பழைய எண்ணைத் திரும்பப் போட்டு முடித்தாள். இனி சகாக்கள் இருவர் ஒப்புதல் அழுத்த வேண்டும். அதில்லாமல் எந்த மாற்றமும் உள்ளே போகாது.

காப்பிக் கோப்பையோடு ஹால்வர்சன் வந்தார். "மேல ஒரு குறிப்பு எழுது. என் கவனக்குறைவால் நேர்ந்ததுன்னு."

"நீங்க சொல்லித்தானே எடுத்தேன்?"

"எழுத்துல இருக்கா? உன் புருஷனுக்கு வாரம் மூணு டயாலிசிஸ். இன்சூரன்ஸ் யாரு குடுக்கிறது?"

ரெனாட்டா எழுதினாள்.

"டார்னெல், லூப்பே, அழுத்துங்க" என்றார் அவர்.

டார்னெல் கையைக் கட்டிக்கொண்டான். "எண்ணுக்கு இப்பவே அழுத்துறேன் பாஸ். அந்த வரிக்கு மாட்டேன்."

"நர்சுங்க காத்துக்கிட்டிருக்காங்க!"

"அப்ப உங்க பேரைப் போடுங்க," என்றாள் லூப்பே. "ரெண்டு கையாலயும் அழுத்துறேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரெனாட்டா அந்த வரியை அழித்தாள். 'முதலாளி சொல்லி எண் எடுக்கப்பட்டது; மீண்டும் போடப்பட்டது' என்று எழுதினாள். இருவரும் அழுத்தினார்கள். செயலி உயிர்பெற்றது.

ஹால்வர்சன் போனை எடுத்தார். மறுநிமிடம் அவள் திரை இருண்டது. "வேலையும் இன்சூரன்சும் இன்னியோட சரி" என்றார். "புருஷன்கிட்ட நீயே சொல்லிடு."

நாளைக் காலை பத்து மணிக்கு அவள் புருஷனுக்கு டயாலிசிஸ் முறை.

லூப்பே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இவ திரை எரியற வரைக்கும் இங்க ஒரு மாற்றத்துக்கும் ஒப்புதல் கிடையாது பாஸ்."

"நீயும் போகணுமா?"

பின்னாலிருந்து நாற்காலிகள் அவர்கள் பக்கம் உருண்டு வரும் சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, பிறகு எண்ண முடியவில்லை.