பதினான்காம் வரிசையில் ஒரு கட்டம்

இருபத்தொன்று, நீலம். இருபத்திரண்டு, நீலம். இருபத்து மூன்று, வெள்ளை. உடனே திருப்ப வேண்டும். இதையெல்லாம் நான் ஏன் எண்ணிக்கொண்டிருக்கிறேன்?

பல்லுக்கு அச்சு எடுக்கும் மாவை ரப்பர் கிண்ணத்தில் குழைத்துக்கொண்டிருந்தாள் அவள். முப்பது எண்ணுவதற்குள் குழைத்துப் பல் டாக்டரிடம் நீட்டிவிட வேண்டும், தாமதித்தால் இறுகிவிடும். பதினோரு வருஷமாக வெறும் எண்ணாக இருந்தது, இந்த நான்கு மாதமாக நிறங்களோடு வந்தது. அவை மகளுடைய நிறங்கள்.

எத்தனையோ நாடுகள் கூடும் பெரிய விளையாட்டு விழா இந்தமுறை அவர்கள் நகரத்துக்கு வாய்த்திருந்தது. தொடக்க நாளன்று அரங்கின் ஒரு பக்கம் முழுக்க இரண்டாயிரம் பிள்ளைகள் உட்கார்ந்து, முரசு அடிக்க அடிக்க நிற அட்டைகளைத் திருப்பிப் படம் காட்டுவார்கள். கடைசிப் படம், கோத்துக்கொண்ட இரண்டு கைகள். அதில் பதினான்காம் வரிசை, முப்பத்தோராவது இருக்கையில் இருக்கும் மகள் ஒரு கட்டைவிரலின் நகம். ஆளுக்கொரு அட்டைப் புத்தகம், நாற்பத்தொரு பக்கம். வீட்டில் மகள் திருப்ப, இவள் மேசையைத் தட்டி முரசானாள். மகளுக்கு முன்னால் இவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஒத்திகை நேரத்தில் கீழே ஓடுபாதையில் வெளிநாட்டுப் பெண்கள் தடை தாண்டிப் பழகினார்கள். அட்டையைத் திருப்ப வேண்டியவள் வாயைப் பிளந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கைப் பெண் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம். இரண்டு பள்ளிக்கும் ஏழாம் பொருத்தம்; போன வருஷம்வரை ஒருவர் பேருந்தின் மேல் மற்றவர் கல் எறிந்தவர்கள். அந்தப் பெண்தான் தன் அக்காவின் முள் காலணியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒத்திகை முடிந்ததும் பதினான்காம் வரிசையே இறங்கிப்போய் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டுத் தாண்டியது. எல்லாருக்கும் கொடுத்திருந்த பனியனில் ‘பார்த்தது போதும், ஓடு’ என்று அச்சடித்திருந்தது. மகள் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான தடை ஓட்ட மாவட்டத் தேர்வு, தொடக்க விழா அன்றே, பேருந்தில் இரண்டு மணி நேரம் போகவேண்டிய ஊரில். அடுத்த வருஷம் மகளுக்கு வயது கடந்துவிடும். அட்டையை விட்டுவிட்டு அங்கேதான் போவேன் என்று சொல்லிவிட்டாள்.

மதிய இடைவேளையில் நாத்தனார் மருத்துவமனைக்கே வந்துவிட்டாள். மகளின் பள்ளியில் ட்ரில் டீச்சர் அவள். பதினான்காம் வரிசைக்கு அவள்தான் பொறுப்பு. நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து, முதலில் அண்ணன் மகளின் காலை ஒடிக்கவேண்டும் என்றாள். பிறகு அண்ணனிடம் பேசிப் பார்த்ததையும், ‘உன் அண்ணி சொல்றதுதான்’ என்று அவன் நழுவிக்கொண்டதையும் சொன்னாள். மற்ற பிள்ளைகள் அட்டையைக் கொஞ்சம் விரித்துப் பிடித்து அந்த இடத்தை மறைத்துவிடுகிறோம் என்கிறார்களாம். அப்படிப் பிடித்தால் விரலே கோணிவிடுமாம். விழாவுக்கு மிச்சமிருக்கும் நான்கு நாளில் நாற்பத்தொரு பக்கத்தைப் புதிதாக யார் படிப்பது?

"பொக்கைப் பல்லு மாதிரி தெரியும் அண்ணி. உலகமே பாக்கும்."

"இங்க தினம் அதைத்தான் பாக்கறேன். யாரும் சாகல."

நாத்தனார் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் குரல் தாழ்ந்தது.

"அவ போகட்டும். நான் தடுக்கல. நீங்க வந்து உக்காருங்க. உங்களுக்குத்தான் எல்லாப் பக்கமும் தெரியுமே. ஒல்லியாத்தான் இருக்கீங்க, தொப்பி வேற போட்டுட்டா யாருக்குத் தெரியப்போகுது? அவளோட அவ அப்பா போகட்டும்."

அவள் கிண்ணத்தின் ஓரத்தில் இறுகிப்போன மாவை நகத்தால் உரித்தாள். முழுசாகக் கழன்று வந்தது.

ஆள் குறையும் இடத்துக்கெல்லாம் அவள்தான். சீட்டாட்டத்துக்கு நாலாவது கை, ஆஸ்பத்திரியில் மாமனாருக்குத் துணை, குழுப் படத்தில் ஓரம் வெறிச்சென்று இருந்தால் அங்கே ஒரு முகம். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தியதில்லை. கூப்பிடுவார்கள், போவாள். அதில் ஒரு சுகமும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஒத்திகையை ஒருநாள் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தபோது, அந்த இரண்டு கைகளும் சேர்ந்த கணத்தில் அவள் எழுந்து நின்றுவிட்டாள். அதற்குள் தானும் ஒரு கட்டமாக இருந்தால் என்ன என்று அன்றே தோன்றியதுதான். இப்போதும் விரல்கள் மடியில் ஒரு பக்கத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தன.

மகள் ஓடுவதை ஏன் பார்க்கவேண்டும் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். தான் ஓட நினைத்து ஓடாமல் போன கதை ஏதும் உண்டா? பையில் சாவியைத் துழாவுவதுபோலத் துழாவினாள். அப்படி ஒன்றும் இல்லை. அவள் ஓட ஆசைப்பட்டதே இல்லை. மூன்றாவது பெஞ்சைத் தாண்டுவதற்கு முன்னால் மகள் கீழ் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள். அந்த முகத்தை வீட்டில் எங்கும் பார்க்க முடியாது. அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

"என்ன அண்ணி, தொப்பி சைஸ் சொல்லிடவா?"

"வேண்டாம்."

"அன்னைக்கு உங்களுக்கு லீவுதானே?"

"லீவுதான். வேலை இருக்கு."

"லீவுல என்ன வேலை?"

"நின்னு பாக்கணும்."

இதைச் சொல்லும்போது குரல் உயரவில்லை. நாத்தனார் அவளை உற்றுப் பார்த்தாள். இந்த அண்ணியிடமிருந்து இப்படி ஒரு பதில் வரும் என்று அவள் எதிர்பார்த்து வரவில்லை. விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்தாளோ என்னவோ, ஒரு நாள்தானே, குடும்பத்துக்காக என்று இன்னொருமுறை ஆரம்பித்தாள்.

உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிட்டார். அவள் எழுந்து, புதிதாக மாவை அளந்து போட்டு, தண்ணீர் விட்டாள்.

"அந்தக் கட்டம் காலியாவே இருக்கட்டும், டீச்சர்," என்று சொல்லிவிட்டு, ஒன்று, இரண்டு என்று குழைக்கத் தொடங்கினாள்.