பதிவு ஜன்னலில் என் முறை

அன்று காலை எங்கள் ஊர் மருத்துவமனையின் பதிவு ஜன்னல் முன்னால் இருந்தவர்கள்: ரொட்டி சுடும் சாய்ரகான், அவள் தங்கை கணவன் ஜுமாஷ், காதில் பஞ்சு வைத்திருந்த ஓட்டுநர் தாலந்த், நான். ஜன்னலுக்கு உள்ளே பெகாயிம். சந்தையில் இதைப் பற்றிப் பேசுகிறவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெகாயிம் என் மருமகள். மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போன என் மகன் குபாத் அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். அது தெரிந்த இலையுதிர் காலத்தில் அவள் துணிகளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் மூட்டை கட்டி முடிக்கும்வரை நான் நிமிர்ந்து உட்கார்ந்து தேநீர் குடித்தேன். தடுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் கெஞ்சியதில்லை.

தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து கண் டாக்டர் மாதம் ஒருமுறைதான் வருவார். நேரம் வாங்கி வைத்தவர்களைப் பெகாயிம் ஜன்னலிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். எங்கள் வழக்கில் மருமகள் மாமனாரின் பெயரை வாயால் உச்சரிப்பதில்லை. முன்பெல்லாம் என் முறை வந்தால் அவள் பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கும் லூபா கூப்பிட்டுவிடுவாள். அன்று லூபா காய்ச்சலில் வரவில்லை. உறவை அறுத்துக்கொண்டவளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ‘ஒமுர்சாக்’ என்று என் பெயர் அவள் குரலில் கேட்டால் அத்தோடு முடிந்தது. எனக்கு மருமகள் இல்லை. கண்ணில் அழுத்தம் ஏறி வலது பக்கம் மங்கலாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த பெஞ்சில் நான் காதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தேன்.

ஜுமாஷைக் கூப்பிட்டாள். அவன் போய்விட்டு வந்தான். அடுத்தது நான். ஜன்னலில் சத்தமே இல்லை.

சாய்ரகான் எட்டிப் பார்த்து, தூங்கிவிட்டாயா என்று கேட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அடியே, புருஷனே இல்லன்னு ஆயிருச்சு. இன்னும் என்னடி மாமனாரு? பேரச் சொல்லிக் கூப்பிடு, வாய் ஒண்ணும் வெந்துறாது.”

“யாருக்கு வெந்துச்சு?” என்றான் தாலந்த், பஞ்சை எடுத்துக்கொண்டே. ஜுமாஷ் அவன் காலை மிதித்தான்.

நானே எழுந்து போயிருக்கலாம். டாக்டரின் கதவு எதிரிலேயே தெரிந்தது. போகவில்லை. கூப்பிடாத இடத்துக்கு எங்கள் ஆட்கள் போவதில்லை. கைகளைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டேன். குளிர்தான், அந்த நடையில் எப்போதும் குளிர்.

பக்கக் கதவு திறந்தது. பெகாயிம் வெளியே வந்தாள். தோளில் கிடந்த துணியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்குள் வந்த அன்று குனிந்தது போலவே குனிந்தாள்.

“அப்பா, உங்க முறை. வாங்க.”

எழுந்தேன். டாக்டரின் கதவு வரைக்கும் அவள் கூட வந்தாள். கதவில் கை வைத்த பிறகு, “வீட்ல அடுப்பு புகையுது” என்றேன்.

அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

“புகைக் குழாய்ல கரி அடைச்சிருக்கும்ப்பா. மேல் வளைவுல தட்டுங்க. கையுறை போட்டுக்கங்க.”

அவ்வளவுதான். திரும்பிப் போனாள். சொட்டு மருந்து எழுதி வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது ஜன்னல் மதியச் சாப்பாட்டுக்கு மூடியிருந்தது.

வீட்டில் முக்காலியில் ஏறி மேல் வளைவைத் தட்டினேன். கரி பொலபொலவென்று கொட்டியது. என் சட்டைக் கையில், விரிப்பில், அவள் உட்கார்ந்து தேநீர் ஊற்றும் மெத்தையில். பிறகு நெருப்பு நன்றாகப் பிடித்தது. விரிப்பை உதறினேன். மெத்தையை உதறவில்லை; அது அவள் இடம்.

பெகாயிம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று சந்தையில் பேச்சு. கூப்பிடவில்லை.